முதல் வாய்

அக்டோபரில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிய மல்சுன் வாசல் கதவைத் தள்ளினாள். கதவு ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது. தோளைக் கொடுத்து முட்டித் தள்ளிய பிறகுதான் தெரிந்தது, வெளியே கிம்ச்சி டப்பாக்கள். பழுப்பு நிறத்தில், இரண்டு பக்கமும் கொக்கி போட்டு மூடுகிற பெரிய டப்பாக்கள். மாடிப்படி முழுக்க ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

எல்லாம் அவளுடைய டப்பாக்கள்தான். ஒவ்வொரு நவம்பரிலும் தீவிலிருந்து அவள் அக்கா அனுப்புகிற முட்டைக்கோஸ் ஒரு குடும்பத்துக்கு ரொம்ப அதிகம். உப்பில் ஊறவைத்து, மசாலா தடவி, புளிக்கவிடுகிற கிம்ச்சி ஊறுகாயாக்கி, படிக்கட்டில் இருக்கும் வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு டப்பா கொடுத்துவிடுவாள். தீர்ந்ததும் டப்பா திரும்பி வரும். வெறும் டப்பாவை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். சீமைப் பனிச்சைப் பழமோ, ஒரு கை காய்ந்த நெத்திலியோ, அரிசிக் கேக்கோ உள்ளே இருக்கும்.

மேலே இருந்த டப்பாவின் கொக்கியை எடுத்துப் பார்த்தாள். கிம்ச்சி. அவளே போன நவம்பரில் செய்தது. அடுத்த டப்பாவிலும் கிம்ச்சி. அதற்கடுத்ததிலும். மூன்றாம் மாடிக்காரி பாதி தின்று, மீதியை ஒழுங்காக அமுக்கி, மேலே ஒரு இலையைப் போர்த்திக் கொடுத்திருந்தாள்.

"வெறும் டப்பா தரக்கூடாதுங்கற மரியாதைக்கு மட்டும் குறைச்சலில்ல" என்று மல்சுன் மாடிப்படிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னாள். எந்தக் கதவும் திறக்கவில்லை.

கீழே யொங்ஜா நின்றிருந்தாள். இருவரும் ஒரே பள்ளிச் சமையலறை, தினமும் சேர்ந்துதான் மேடேறுவார்கள். மற்ற நாளில், "அக்கா, வரியா இல்ல அரிசி உன்னை விட்டுட்டு வெந்துடட்டுமா?" என்று கீழேயிருந்தே கத்துகிறவள், இன்றைக்குக் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி?"

"அம்மாக்கள் குரூப்ல ஒண்ணு வந்திருக்கு. என் மருமக காட்டினா."

"படி."

"நீயே பாரேன்."

"கண்ணாடி எடுத்துட்டு வரல. படின்னா படி."

யொங்ஜா தரையைப் பார்த்துக்கொண்டே படித்தாள். "நம்ம பள்ளிச் சமையலறைல ஹேரிம் அம்மான்னு இருக்காங்கல்ல, அவங்களுக்கு எய்ட்ஸ். யாரோ சொன்னதில்ல, நானே கண்ணால பாத்தது. பிள்ளைங்க சாப்பிடற விஷயம், அதான் சொல்லிட்டேன்."

ஹேரிம் மல்சுனின் மகள். இதைப் போட்டவள், அதே பள்ளியில் நாலாம் வகுப்புப் படிக்கும் சேபோமின் அம்மா. துறைமுகச் சாலையில் இருக்கிற பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்காரி. போன வாரம் கடைவாய்ப் பல் வலி தாங்காமல் மல்சுன் அங்கே போயிருந்தாள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள், உள்ளபடியே சொன்னாள். கொஞ்ச நேரத்தில், "மெஷின் ரிப்பேர், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்குப் பின்னால் வந்த கிழவருக்கு அதே மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"எய்ட்ஸ் இல்ல, எச்.ஐ.வி" என்றாள் மல்சுன். "ஊரைக் கூட்டறவ அதையாவது சரியா எழுதியிருக்கலாம்."

"அப்போ நெசந்தானா?"

"நெசந்தான். பன்னெண்டு வருஷமாச்சு."

பாதி மேடு ஏறியதும் யொங்ஜா நின்றாள். பிறகு, "கோடை லீவுக்கு முன்னாடி முள்ளங்கி வெட்டறப்போ என் விரல் அறுந்துச்சே, நீதானே துணி சுத்திவிட்ட?" என்றாள்.

"ஆமா."

"உன் கைல அப்போ காயம் ஏதும்…"

"இல்ல. இருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. தினமும் மாத்திரை போடறேன். டாக்டர் ரத்தத்தை எடுத்துத் தேடினாலும் அகப்படாத அளவுக்கு அடங்கிக் கெடக்கு. தேடறவனுக்கே அகப்படாதது உனக்கு எங்கேருந்துடி ஒட்டும்?"

"எனக்காவது சொல்லியிருக்கலாம் அக்கா."

"சொல்லியிருந்தா?"

யொங்ஜா கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். 

மல்சுன் பிறந்தது உப்பளமும் வெங்காயமும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு தீவில். மூன்றாவது பெண். இனிப் பெண் வேண்டாம், இதுவே கடைசியாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்தில் வைக்கிற பெயரைத்தான் அவளுக்கும் வைத்தார்கள். அப்படியும் நாலாவதாக ஒரு தங்கை பிறந்தாள். மல்சுன் கல்யாணமாகித் துறைமுக ஊரான மொக்போவுக்கு வந்தாள். கணவன் சில்பொக் ஆழ்கடல் கப்பலில் கணவாய் மீன் பிடிக்கப் போகிறவன். வருஷத்தில் பாதி கடலில், மீதி பாதி சோஜு சாராயத்தில். ஒருமுறை கரைக்கு வந்தவன் இருமிக்கொண்டே வந்தான். அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அவனுக்கு என்ன நோய் என்று மருத்துவமனையில் தெரிந்த அதே வாரம், அவளுக்கும் இருக்கிறது என்று தெரிந்தது. அழுதாள், திட்டினாள். பிறகு அவன் சட்டைகளையெல்லாம் மூட்டை கட்டித் தெருவில் இருக்கும் பழந்துணிப் பெட்டியில் போட்டுவிட்டு, பள்ளிச் சமையலறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள். அப்போது ஹேரிமுக்கு வயது பதினாலு.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருத்திதான் அவளுக்குத் தைரியம் சொன்னவள். "வேலைக்குப் போற இடத்துல இதைப் பத்திக் கேக்க அவங்களுக்கு உரிமை கெடையாது. கேட்டா நீங்க சொல்லணும்னும் இல்ல. ஆனா டாக்டர்கிட்ட மட்டும் மாத்திரையை மறைக்காதீங்க." மல்சுன் அதை அப்படியே கடைப்பிடித்தாள். பன்னிரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. டாக்டரிடம் மறைக்காமல் சொன்ன இடத்தில்தான் கடைசியில் வினை வந்தது.

பள்ளியில் முதல்வர் மா அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

மோசமான மனிதர் இல்லை. சாப்பாட்டுப் பிரியர். பிள்ளைகளுக்குச் சோறு போடுவதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பது பள்ளிகளில் விதி. சமையலறைப் பெண்கள் அதற்கு 'முதல் வாய்' என்று பேர் வைத்திருந்தார்கள். முந்தைய முதல்வர்கள் அதை யார் தலையிலாவது கட்டிவிடுவார்கள். மா மட்டும் வந்த நாளிலிருந்து தானே இறங்கி வருவார். கைகளைத் தேய்த்துக்கொண்டே வந்து, மாட்டிறைச்சி போட்ட கடற்பாசிச் சூப் என்றால் முதல் வாய் இரண்டு வாயாகி, மூன்றாகி, "சார், பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்று யொங்ஜா சொல்கிறவரை நிற்பார்.

"உக்காருங்க ஹேரிம் அம்மா." அவரே பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் அறையில் எப்போதும் பீங்கான் கோப்பைதான். இன்றைக்குக் காகிதக் குவளை.

"எனக்குப் பயமெல்லாம் ஒண்ணுமில்ல. நான் படிச்சவன். ஆனா பெத்தவங்க இருக்காங்க பாருங்க… காலைலேருந்து போன் ஓயல."

"பயமில்லேன்னா காகிதக் குவளை எதுக்கு சார்?"

முதல்வரின் காது சிவந்தது. மேசையில் கிடந்த தாளை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார். ராஜினாமா. 'என் சொந்தக் காரணங்களுக்காக' என்பதுவரை தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். விஷயம் பெருசாகறதுக்குள்ள கௌரவமா ஒதுங்கிடலாம்."

"எனக்குச் சொந்தக் காரணம் எதுவும் இல்ல சார். உங்களுக்கு ஏதாவது காரணம் இருந்தா நீங்க எழுதுங்க, நீங்களே கையெழுத்துப் போடுங்க. எனக்குக் கீழ சூப் கொதிக்குது." தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, காகிதக் குவளையை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

கீழே சூப் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவளுடைய நீண்ட ரப்பர் காலணியையும் கையுறையையும் யாரோ கறுப்புப் பையில் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். மற்ற நான்கு பெண்களும் அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்ட மாதிரி குனிந்து நின்றார்கள். மல்சுன் பையை அவிழ்த்துக் காலணியை மாட்டிக்கொண்டாள். ஓடத் துடுப்புப் போல நீளமான கரண்டியை எடுத்து அண்டாவைக் கிண்டினாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் பக்கத்திலும் வரவில்லை.

அன்றைக்கு முதல் வாய்க்கு முதல்வர் இறங்கி வரவில்லை. சாப்பாட்டுப் பட்டியல் போடுகிற டீச்சர்தான் வந்தார். மல்சுன் கை வைக்காத முள்ளங்கியை மட்டும் நுனிப்பல்லால் கடித்துவிட்டு, "சரி, போடுங்க" என்றார்.

மறுநாள் உத்தரவு வந்தது. மறு அறிவிப்பு வரும்வரை வீட்டிலேயே காத்திருக்க வேண்டும்.

நர்ஸ் கொடுத்த எண்ணைப் பிடித்து, க்வாங்ஜுவிலிருந்து வக்கீல் போங் வந்தாள். ஹேரிமைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். முதுகுப் பை, பஸ்ஸில் தூங்கி நசுங்கிய முடி. மல்சுன் திரும்பி வந்த கிம்ச்சியில் பன்றிக்கறி போட்டுக் குழம்பு வைத்து அவள் முன்னால் வைத்தாள்.

"பதினோரு மாசம் புளிச்சது. ஊரே வேணாம்னு திருப்பிக் குடுத்தது. வேணுமா?"

வக்கீல் ஒரு கரண்டி வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். "இதையா திருப்பிக் குடுத்தாங்க? அவங்க மேல தனியா ஒரு கேஸ் போடலாம்மா." இரண்டாவது கிண்ணம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். "உங்க பக்கம் சட்டம் கெட்டியா இருக்கு. இந்த நோய் இருக்குன்னு சொல்லி வேலை செய்யற இடத்துல உங்களை ஒதுக்கக் கூடாது. சோதனைச் சீட்டைக் காட்டுன்னு கேக்கக் கூடாது. அதுலயும் சமையல் வேலைக்குத் தடையே கெடையாது. ஆஸ்பத்திரி மாதிரி எடத்துல, தன் வேலை மூலமா இது தெரிஞ்சுக்கிட்டவங்க வெளிய சொன்னா ஜெயில்கூட உண்டு."

"அவ்வளவு கெட்டியா சட்டம் இருக்கறப்போ நான் ஏன் வீட்ல உக்காந்து உனக்குக் குழம்பு வெச்சிட்டிருக்கேன்?"

"ஏன்னா உங்க முதல்வர் அதைப் படிச்சதில்ல. தொழிலாளர் ஆணையத்துல வெச்சுப் படிச்சுக் காட்டுவோம். உங்களுக்கு என்ன வேணும்? நஷ்ட ஈடு, மன்னிப்பு, வேற ஸ்கூல்…"

"என் அண்டா வேணும்" என்றாள் மல்சுன். "அதே சமையலறை, அதே அண்டா. வேற ஒண்ணும் வேணாம்."

வக்கீல் எழுதிக்கொண்டாள். "பேரை மறைச்சுடலாம்மா. காகிதத்துல எங்கயும் உங்க பேர் வராது. அதுக்கும் உங்களுக்கு உரிமை இருக்கு."

மல்சுன் யோசித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சில்பொக் பெண்டாட்டி, அப்புறம் ஹேரிம் அம்மா. அந்தக் கட்டடத்தில் அவள் பெயர் என்ன என்று கேட்டால் நாலு பேர்கூடச் சரியாகச் சொல்ல மாட்டார்கள். "மறைக்க என்ன இருக்கு? மேட்டுக்கு மேல மேட்டுக்குக் கீழ எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு. வியாதியைச் சொல்லிட்டாங்க, பேரைத்தான் சொல்லல. ப்யோ மல்சுன்னு போடு. கொட்டை எழுத்துல."

அன்று சாயங்காலம் ஹேரிம் போன் செய்தாள். இஞ்சோனில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை அவளுக்கு. அப்பா எதனால் செத்தார் என்று அவளுக்குத் தெரியும், அம்மாவுக்கு என்ன என்றும் தெரியும். இதுவரை இருவரும் அதை வாய்விட்டுப் பேசியதில்லை.

"பேரைப் போடாதேம்மா. எனக்காக."

"உன் பேரைப் போடலியே. என் பேரைத்தான் போடறேன்."

"எல்லாம் ஒண்ணுதான். நாளைக்கு எனக்கு ஒரு கல்யாணம்னு வந்தா…"

"வரட்டும். அந்த வீட்டுக்கு டப்பா நிறைய கிம்ச்சி அனுப்பறேன். திருப்பி அனுப்பறவங்க வீட்டுக்கு நீ போக வேணாம்."

"உனக்கு எல்லாம் விளையாட்டு" என்று ஹேரிம் போனை வைத்துவிட்டாள். மல்சுன் நெடுநேரம் அடுப்பை வெறித்துக்கொண்டு நின்றாள். விளையாட்டாக இல்லைதான். ஆனால் மகளுக்குத் தெரிகிற மாதிரி அழுதால், அந்த ராஜினாமாத் தாளில் மகளே அவள் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்துவிடுவாள்.

பல் மருத்துவமனை மீதும் சேபோம் அம்மா மீதும் போலீஸில் புகார் கொடுத்த சில நாளில், சேபோம் அம்மாவே வந்தாள். நேர்த்தியான ஒரு பெட்டியில் பேரிக்காய். கதவைத் தாண்டியதும் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியாம செஞ்சுட்டேங்க. பிள்ளைங்கன்னதும் பதறிட்டேன். புகாரை வாபஸ் வாங்கிக்குங்க. சேபோமுக்கு அப்பா இல்ல. என்னை உள்ள போட்டுட்டா அவ என்ன பண்ணுவா?"

"ஹேரிமுக்கும் அப்பா இல்ல" என்றாள் மல்சுன். "அவ என்ன பண்ணுவான்னு நீ நெனச்சுப் பாத்தியா?"

"தப்புத்தாங்க."

"நீ சொன்னதை நீ வாபஸ் வாங்க முடியுமா? அத்தனை அம்மாக்களோட கண்ணுலேருந்தும் அந்த எழுத்தை அழிச்சிட்டு வா. நானும் அழிச்சிடறேன்."

சேபோம் அம்மா அழுதாள். மல்சுன் துண்டை எடுத்துக் கொடுத்தாள். புகாரை மட்டும் எடுக்கவில்லை. பேரிக்காய்களை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, பெட்டியைத் துடைத்து, அதில் பையில் கட்டிய கிம்ச்சியை அழுத்தி வைத்து மூடி நீட்டினாள். "வெறும் பெட்டியா திருப்பித் தர மாட்டேன். கொண்டுபோ. தின்னு, இல்ல கொட்டு, உன் இஷ்டம்."

அவள் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் போக அவளுக்குத் தெரியவில்லை.

நவம்பர் வந்தது. தீவிலிருந்து அக்கா அனுப்பிய முட்டைக்கோஸ் லாரியில் வந்து இறங்கியது. மற்ற வருஷங்களில் கட்டட முற்றத்தில் எல்லாப் பெண்களும் கூடி, கூச்சலும் பாட்டுமாகக் கிம்ச்சி போடுவார்கள். மல்சுன்தான் மசாலாவைக் கலப்பாள். இந்த வருஷம் பெண்கள் சங்கத்துத் தலைவி அவளைக் கூப்பிடவில்லை. மல்சுனும் கூப்பிடச் சொல்லவில்லை. முற்றம் எல்லோருக்கும் பொது. அந்தப் பக்கம் அவர்கள் கூட்டம், இந்தப் பக்கக் குழாயடியில் இவள் ஒருத்தி. கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு, உப்புத் தண்ணீரில் ஊறின முட்டைக்கோஸைக் கழுவிக் கழுவி வடியவிட்டாள். அவர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். இவள் வேண்டுமென்றே உரக்கப் பாடினாள். குரல் அப்படியொன்றும் இனிமையில்லை.

மதியத்துக்குமேல் யொங்ஜா வந்தாள். கையில் ரப்பர் கையுறை. எதிரில் உட்கார்ந்து முட்டைக்கோஸை இழுத்து இதழ் இதழாகப் பிரித்து மசாலா தடவ ஆரம்பித்தாள்.

"கோவம் போயிடுச்சா?" என்றாள் மல்சுன்.

"போகல. அத்தனை வருஷம் ஒரே அண்டால ஆவி பிடிச்சிருக்கோம், எங்கிட்ட நீ சொல்லல. அந்தக் கோவம் தனியா இருக்கு."

"இருக்கட்டும்."

"நான் சுகாதார நிலையத்துக்குப் போயிட்டு வந்தேன். ரத்தம் குடுத்துட்டு வந்தேன். பேர்கூடக் கேக்கல அவங்க."

"என்னாச்சு?"

"என்னாகும்? ஒண்ணுமில்ல. அந்த நர்ஸ் என்னைப் பாத்துச் சிரிச்சா, 'கட்டு போட்டுவிட்டதுக்கெல்லாமா வரும் அக்கா?'ன்னு. அவமானமா போச்சு. எல்லாம் உன்னாலதான்."

புதுக் கிம்ச்சியோடு தின்பதற்காகக் குழாயடி அடுப்பில் வைத்திருந்த பன்றிக்கறி வெந்திருந்தது. மல்சுன் உள்குருத்து இதழ் ஒன்றைக் கிள்ளி, கையாலேயே மசாலாவை வைத்து, ஒரு துண்டு கறியை அதன்மேல் வைத்துச் சுருட்டினாள். கிம்ச்சி போடுகிறபோது அப்படித்தான், பக்கத்தில் இருப்பவள் வாயில் ஊட்டிவிடுவது வழக்கம். பழக்கத்தில் கை தானாக நீண்டுவிட்டது. நீட்டிய பிறகுதான் உறைத்தது. நடுவழியில் கை நின்றது. முற்றத்தின் அந்தப் பக்கத்திலும் பேச்சு நின்றுவிட்டது.

யொங்ஜா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி வாயைப் பெரிதாகத் திறந்தாள். "என்ன பாத்துட்டே நிக்கற? வாய் வலிக்குது, போடு."

மென்றுகொண்டே சொன்னாள். "உப்பு கம்மி."

"உனக்கு எப்பவும் கம்மிதான்."

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சமையலறைப் பெண்கள் ஒருவர் இருவராக அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை.

பிப்ரவரியில் ஆணையத்தின் விசாரணை. முதல்வர் மா கறுப்புக் கோட்டில், தொண்டையை அடிக்கடி செருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் மீது தனக்கு மிகுந்த மரியாதை உண்டு என்றார். விலக்கவில்லை, காத்திருக்கத்தான் சொன்னேன் என்றார். நூலகத்தைச் சுத்தம் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது, சம்பளம் ஒரு வொன்கூடக் குறையாது, அதற்கு வரச் சொல்லித் தயாராக இருக்கிறேன் என்றார்.

நடுவில் இருந்த தலைவி மல்சுனைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதமா?"

"நூலகத்துல சூப் கொதிக்காதுங்களே அம்மா."

யாரோ சிரித்து, பிறகு இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"நான் வேலை கேட்டு வரல. என்கிட்டேருந்து எடுத்ததைக் கேட்டு வந்திருக்கேன். நூலகத்துக்குப் போனா, பிள்ளைங்க சாப்பாட்டுப் பக்கம் இவ வரக்கூடாதவன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நான் ஒத்துக்கல."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் உறுப்பினர், கொஞ்சம் தயங்கி, இந்தத் தொற்று எப்படி ஏற்பட்டது என்று கேட்டார். வக்கீல் போங் எழுந்துவிட்டாள். மல்சுன் அவள் கோட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வந்த வழி என் வீட்டு விஷயம் ஐயா. சாப்பாட்டு வழியா வராது, போகாது. இங்க விசாரிக்க வேண்டியது அது ஒண்ணுதான். அதையும் எங்கிட்ட கேக்க வேணாம், டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார், படிங்க."

தீர்ப்பு வந்தது. அவளை ஒதுக்கி வைத்தது தவறு, பழைய இடத்திலேயே, பழைய வேலையிலேயே அமர்த்த வேண்டும். வக்கீல் போனில் கத்தியே சொன்னாள். அன்றைக்கு ஹேரிமிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. 'சாப்பிட்டியா?' மாதக்கணக்கில் அவள் எழுதிய முதல் வரி. 'சாப்பிட்டேன். நீ?' என்று மல்சுன் பதில் போட்டாள். அதற்குமேல் இருவருமே எழுதவில்லை. அந்த மட்டில் போதும் என்று இருந்தது.

மார்ச்சில் பள்ளி திறந்தது. மேட்டில் பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. மல்சுனின் ரப்பர் காலணி அலமாரியில் அதே இடத்தில் இருந்தது. யொங்ஜா கழுவி வைத்திருந்தாள். அன்றைக்குக் கடற்பாசிச் சூப். எள்ளெண்ணெயில் மாட்டிறைச்சியை வதக்கி, ஊறின பாசியைப் போட்டுக் கிண்டி, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தாள். அண்டாவின் ஆவி முகத்தில் அடித்தது. ஐந்து மாதம் கழித்து அவள் நன்றாக மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

சாப்பாட்டு நேரம் நெருங்கியதும், முதல் வாய்க்கான சிறு தட்டைத் தயார் செய்தாள். சாப்பாட்டுப் பட்டியல் டீச்சர் வந்து நின்றார்.

"முதல்வருக்கு மீட்டிங். நானே பாத்துடறேன்."

"யாரோட மீட்டிங்?"

டீச்சர் கையுறையைச் சரிசெய்துகொண்டார். "மேல… அறையிலதான் இருக்கார்."

"அப்போ மீட்டிங் முடியட்டும்" என்று மல்சுன் கரண்டியை அண்டாவுக்குள் வைத்து, மூடியைப் போட்டாள். "இத்தனை வருஷம் அந்த வாய்தான் முதல் வாய். என் கை பட்ட சூப்னதும் அந்த வாய்க்கு மீட்டிங் வந்துடுமா? அவர் சாப்பிடாததைப் பிள்ளைங்களுக்கு நான் போட மாட்டேன்."

"ஹேரிம் அம்மா, பிள்ளைங்க வரிசைல நிக்கறாங்க…"

"மல்சுன்" என்றாள் யொங்ஜா பக்கத்திலிருந்து. "அவங்க பேர் ப்யோ மல்சுன். தீர்ப்புலயே போட்டிருக்கு." பிறகு தன் சோற்று அண்டாவின் மூடியையும் போட்டு, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். மற்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முள்ளங்கி மேல் துணி விழுந்தது. பொரித்த மீன் தட்டு பின்னால் நகர்ந்தது.

வெளியே வரிசை மாடிப்படிவரை நீண்டது. சில பிள்ளைகள் கையில் வீட்டுச் சாப்பாட்டுப் பை. சாப்பாட்டைப் பார்வையிட வந்த அம்மாக்கள் சிலர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கை கட்டிக்கொண்டு நின்றார்கள். "சித்தி, பசிக்குது!" என்று முன்னால் நின்ற ஒரு பொடிசு கத்தியது.

"எனக்குந்தான்டா பசிக்குது. உங்க முதல்வரைக் கூப்பிடு" என்றாள் மல்சுன்.

பிள்ளைகளுக்கு அது போதுமாக இருந்தது. 'முதல்வர் சார்' என்று ஒருத்தி கத்த, வரிசை முழுக்கத் தாளம் போட்டுக் கத்த ஆரம்பித்தது. சுவரெல்லாம் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் கறுப்புச் செருப்பு தெரிந்தது, பிறகு சாம்பல் கால்சட்டை, பிறகு முதல்வர் மா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாக்களை ஒருமுறை பார்த்தார், மல்சுனைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

மல்சுன் மூடியைத் திறந்தாள். ஆவி எழுந்தது. அவர் கண்ணுக்கு எதிரே சூப்பை மொண்டு, கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். மரியாதைக்குரியவருக்குக் கொடுக்கிற மாதிரியே நீட்டினாள். தலையை மட்டும் குனியவில்லை.

"பீங்கான் கிண்ணம் சார்" என்றாள். "காகிதக் குவளை இங்க இல்ல."

முதல்வர் கரண்டியை எடுத்தார். ஒரு வாய் வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் அசையவில்லை. அவர் மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

"சூப்தானே சார், அதுல இவ்வளவு நேரம் மெல்றதுக்கு என்ன இருக்கு?" என்றாள் யொங்ஜா.

விழுங்கிவிட்டார். தொண்டை ஏறி இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். வழக்கப்படி ஏதாவது சொல்ல வேண்டுமே என்பது போல வாயைத் திறந்து, "கொஞ்சம் உப்பு…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு கிண்ணத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொரு கரண்டி எடுத்தார். "சரி, போடுங்க" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மேலே போனார்.

வரிசை நகர்ந்தது. வீட்டுச் சாப்பாட்டுப் பையோடு சில பிள்ளைகள் அவள் அண்டாவைத் தாண்டிப் போனார்கள். போகிறவர்களை அவள் நிறுத்தவில்லை, வருகிறவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. நீட்டின தட்டில் எல்லாம் அளவாக ஊற்றினாள். நாலாம் வகுப்பு வரிசையில் சேபோம் வந்தாள். வீட்டுப் பை எதுவும் அவள் கையில் இல்லை. தட்டை நீட்டி, அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

"சித்தி, கறி அடில இருக்கு. அடிலேருந்து போடுங்க."

மல்சுன் கரண்டியை அடிவரைக்கும் விட்டு மொண்டாள்.